முடிக்குவியலைப் பார்த்து பிரஷ் வாங்காதீர்கள்

போன மாதம் எங்கள் தெருவின் கடைசி வீட்டுத் தம்பி தன் நாயை அழைத்துக்கொண்டு வந்தான். ஒன்றரை வயது ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. “அக்கா, இவனுக்கு முதுகெல்லாம் செவந்து கெடக்கு. உண்ணி இல்ல, தெள்ளுப்பூச்சியும் இல்ல. என்னன்னு பாருங்க” என்றான்.

வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். முதுகெலும்பின் இரண்டு பக்கமும், தோளில் தொடங்கி வால் வரைக்கும், கோடு போட்ட நோட்டுப்புத்தகம் மாதிரி வரிசையாகச் சிவப்புக் கீறல்கள். தோல் நோய் இப்படி ஸ்கேல் வைத்துக்கொண்டு வராது. “எதை வச்சு சீவுற?” என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினான். நெருக்கமான எஃகுப் பற்கள் கொண்ட, உதிரும் முடியை வாரி எடுக்கும் பிளேடு. “ஒரு இழுப்புக்கு ஒரு கைப்பிடி முடி வருதுக்கா. நல்லா வேலை செய்யுதேன்னு தினமும் சீவுனேன்.”

அந்தக் கைப்பிடி முடிதான் அவனை ஏமாற்றியிருக்கிறது. நாய்க்கு பிரஷ் வாங்கப் போகும் பலரும் இந்த ஒரே அளவுகோலோடுதான் கடைக்குப் போகிறார்கள்: எவ்வளவு முடியை எடுக்கிறது? விளம்பரப் படங்களிலும் நாய்க்குப் பக்கத்தில் இன்னொரு நாய் செய்யும் அளவுக்கு முடியைக் குவித்துக் காட்டுகிறார்கள். அடிமுடி அடர்ந்த நாய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. முடி ஒட்டக் குட்டையாக இருந்து, தோலும் சட்டென்று சிவக்கிற நாய்க்கு அது தவறான கணக்கு. அங்கே பிரஷ்ஷின் நுனி தோலை எப்படித் தொடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எடுக்கும் முடியின் அளவு பிறகு.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் எந்தக் கடையில், எந்தப் பெயரில், எந்த விலையில் விற்றாலும் ஏமாற மாட்டீர்கள்.

நம் தோலின் மேலடுக்கில் பத்துக்கும் மேற்பட்ட வரிசைகளாகச் செல்கள் அடுக்கியிருக்கும். நாய்க்கு, முடி மூடிய இடங்களில், 3 முதல் 5 வரிசைதான். முடியே கவசம் என்பதால் இயற்கை அந்த இடத்தில் தோலை மெல்லியதாக விட்டிருக்கிறது. வயிற்றுப் பக்கத்திலும் தொடையின் உட்புறத்திலும் தோலின் மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். பொமரேனியனுக்கு இஞ்சுக் கணக்கில் முடி இருக்கிறது. நீங்கள் அழுத்தும் அழுத்தத்தில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, டாபர்மேன், பாக்ஸர், டாஷண்ட் போன்றவற்றுக்கு அந்த மெத்தை இல்லை. பிரஷ் நேராகத் தோலில் போய் நிற்கிறது.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு எல்லாம் துருத்தி நிற்கும். கடினமான பிரஷ் அந்த மேடுகளில் தட்டும்போது தோல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. கிராமங்களில் மாட்டைத் தேங்காய் நாரும் வைக்கோல் பிரியும் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டிய கை, அதே பழக்கத்தில் நாயையும் தேய்த்துவிடும். மாட்டுத் தோல் தாங்கும். இது தாங்காது. துணி துவைக்கிற பிரஷ்ஷை எடுத்து நாயைத் தேய்க்கிற வீடுகளும் நிறைய. அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். நாயின் தோள்பக்கத்து முடியை விரல்களால் எதிர்ப்பக்கமாக மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். தோல் உடனே தெரிந்தால் ஒற்றை அடுக்கு முடி. பஞ்சு மாதிரி, வெளிறிய நிறத்தில் இன்னொரு அடுக்கு தோலை மறைத்தால் இரட்டை அடுக்கு. லாப்ரடாரும் பீகிளும் பெரும்பாலான பக் நாய்களும் பார்வைக்குக் குட்டை முடிதான், ஆனால் அடிமுடி உண்டு. அதனால்தான் அவை அவ்வளவு முடி கொட்டுகின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, டாபர்மேன், பாக்ஸர் வகைகளுக்கு அடிமுடி இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருக்கும். எஃகுப் பல் பிளேடு உருவானதே அடிமுடியை வாருவதற்காக. அடிமுடி இல்லாத உடம்பில் அதை இழுத்தால் எதை வாரும்? நன்றாக இருக்கிற மேல்முடியை அறுக்கும். மீதி வேலையைத் தோலில் காட்டும். அந்தத் தம்பி கையில் வந்த முடியில் பாதி, உதிர வேண்டிய முடியே இல்லை. நுனி வெட்டுப்பட்ட நல்ல முடி.

சரி, எதை வாங்கலாம்?

குட்டை முடியும் மென்மையான தோலும் உள்ள நாய்க்கு ஒரே ஒரு பிரஷ்தான் வாங்க முடியும் என்றால் நான் ரப்பர் பிரஷ்ஷைச் சொல்வேன். உள்ளங்கையில் அடங்கும் அளவில், விரல்நுனி மாதிரி மழுங்கிய குமிழ்கள் வரிசையாக இருக்கும். ரப்பருக்கும் முடிக்கும் இடையில் உள்ள பிடிமானமே உதிர்ந்த முடியைப் பற்றி இழுத்துவிடும். பல்லும் வேண்டாம், கூர்மையும் வேண்டாம். வேரோடு நிற்கிற முடி வளைந்து நழுவிவிடும். வேரிலிருந்து கழன்ற முடி மட்டும் வெளியே வரும். தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை லேசாகப் பிடித்துவிட்ட மாதிரியும் ஆகும். அந்த எண்ணெய் முடி நெடுகப் பரவினால்தான் பளபளப்பு வரும்.

ஆனால் ரப்பர் என்று எழுதியிருப்பதெல்லாம் ரப்பர் இல்லை. கடினப் பிளாஸ்டிக்கை அதே வடிவத்தில் வார்த்து, அதே நிறத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். கடையில் நின்றபடியே கட்டைவிரல் நகத்தால் ஒரு குமிழைச் சாய்த்துப் பாருங்கள். முழுதாகச் சாய்ந்து, விட்டதும் நிமிர வேண்டும். பாதியில் நின்றுவிட்டாலோ நகம் வலித்தாலோ வைத்துவிடுங்கள். குமிழின் நுனி உருண்டையாக இருக்கட்டும். வார்ப்பின் ஓரத்தில் பிசிறு இருந்தால் விரலால் தடவினாலே தெரியும். குமிழ் ஒரு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். அதைவிட நீளமானவை அழுத்தும்போது பக்கவாட்டில் மடிந்து, பக்கத்து முடியையும் சேர்த்து இழுக்கும். நெடி தூக்கலாக இருக்கிற ரப்பரைத் தவிருங்கள். எதை வாங்கினாலும் முதல் உபயோகத்துக்கு முன் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுவது நல்லது. மேலே ஒட்டியிருக்கும் பொடி போக வேண்டும். ரப்பரே ஒத்துக்கொள்ளாத நாய்கள் மிகக் குறைவு, ஆனால் உண்டு. அவற்றுக்கு சிலிக்கான் பிரஷ் சரியான மாற்று.

கையுறை பிரஷ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உள்ளங்கையில் சின்னச் சின்ன சிலிக்கான் குமிழ் வைத்த கையுறை. பிரஷ்ஷைக் கண்டாலே ஓடுகிற நாய்க்கு, முன்பு எங்கோ அடிபட்டு நம் வீட்டுக்கு வந்த நாய்க்கு, அது பெரிய உதவி. தடவிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்து நிற்கும். ஆனால் கையுறை கைக்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் முறுக்கிக்கொண்டு முடியைக் கிள்ளும். நம் ஊர் வெயிலில் உள்ளே கை வியர்த்து வழுக்குவதும் உண்டு. அடிமுடி உள்ள லாப்ரடாருக்கு அந்தக் குமிழ்கள் எட்டவே எட்டாது. எனவே பழக்குவதற்குக் கையுறை, அன்றாட வேலைக்கு ரப்பர் பிரஷ் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக ஒன்று வாங்க வசதி இருந்தால் மென்மையான முடி பிரஷ். பன்றி முடியால் செய்தவை நல்லவை. அந்த முடி நம் தலைமுடி மாதிரி கெரட்டினால் ஆனது. எண்ணெயை வாங்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் பூசும். நைலான் அப்படிச் செய்யாது. கன்னத்தில் வைத்து வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் உங்கள் நாய்க்கும் குத்தும். நல்ல முடி பிரஷ் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்குத் தலைவாரும் மெல்லிய பிரஷ்ஷைத் தாராளமாக வாங்கலாம். நான் பல வருடம் அதைத்தான் வைத்திருந்தேன். மிக மெல்லிய தோலுள்ள சிப்பிப்பாறைக்கு அதைவிடப் பொருத்தமானது இன்னும் என் கையில் அகப்படவில்லை.

காசே செலவில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக நைந்த பருத்தி வேட்டித் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, முடி போகும் திசையில் தடவுங்கள். ஈரத் துணி உதிர்ந்த முடியை ஒட்டி எடுத்துவிடும். தோல் சிவந்து கிடக்கிற நாட்களில், எந்த பிரஷ்ஷும் வேண்டாத நாட்களில், இதுவே போதும். துணியை மாற்றி, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் முடி மினுங்கும்.

வாங்கக் கூடாதவற்றில் பிளேடு பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது ஸ்லிக்கர் பிரஷ்: தட்டையான பலகையில் நுனி வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும். சிக்கு விழும் முடிக்கு அது அருமையான கருவி. சிக்கே விழாத நாய்க்கு அதில் கீறலைத் தவிர வேறு பயன் இல்லை. நுனியில் குண்டு வைத்த கம்பி பிரஷ் பார்க்க மென்மையாக இருக்கும். அந்தக் குண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும், விழுந்தது தெரியாது, மொட்டைக் கம்பி தோலைக் கிழித்தபின்தான் தெரியும். ஒரே பிரஷ்ஷில் ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் நைலான் என்று விற்பதிலும் இதே ஆபத்துதான்.

எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் நாய் மேல் வைக்கும் முன் உங்கள் முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நாயைச் சீவும் அதே அழுத்தத்தில் பத்து முறை இழுங்கள். வெள்ளைக் கோடு விழுந்து மறைந்தால் பரவாயில்லை. சிவப்புக் கோடு தங்கினால், உங்களுடையதைவிட மெல்லிய தோலில் அது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதில் தேறியதை நாயின் தோளில் உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் ஐந்தாறு தடவை இழுத்து, அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் பாருங்கள். சிவப்போ தடிப்போ சொறிதலோ இல்லையென்றால் உடம்பு முழுக்கப் போகலாம்.

வெள்ளை நாய் வைத்திருப்பவர்களுக்குச் சிவப்பு உடனே தெரிந்துவிடும். கருப்புக் கன்னி, டாபர்மேன் வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடக் கொதித்தால் அங்கே தோல் புண்பட்டிருக்கிறது. விரலால் தடவும்போது கடுகு கடுகாகத் தட்டுப்பட்டாலும் அப்படித்தான். குட்டை முடி நாய்களில் இன்னொரு அடையாளமும் உண்டு: முடி அங்கங்கே கொத்தாக நிமிர்ந்து நிற்கும், பூச்சி அரித்த கம்பளம் போல. முடிக்கால்களில் கிருமி சேர்ந்திருப்பதற்கான அறிகுறி அது. அந்த இடத்தில் பிரஷ் போடக் கூடாது.

இப்போது சீவும் முறை. நல்ல பிரஷ்ஷையும் கெடுக்க ஒரு தவறு போதும். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முன்பு ஒரு செம்பழுப்புச் சிப்பிப்பாறைப் பெண் இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் வயலில் புரண்டு சேற்றோடு வந்தவளைக் குளிப்பாட்டினேன். முதுகில் சேறு போகவில்லை என்று, முடி போகும் திசைக்கு எதிராக பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தேன். ஷாம்பு, போன மாதம் தண்ணீர் கலந்து குளியலறையில் வைத்திருந்த மிச்சம். இரண்டு நாள் கழித்து அவள் முதுகைத் தொட விடவில்லை. காய்ச்சல். சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகெலும்பு நெடுக இரத்தம் கோத்த கொப்புளங்கள். முதலில் முதுகுத்தண்டில் அடி என்று நினைத்துவிட்டேன். டாக்டர் முடியை ஒதுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக எப்போது குளிப்பாட்டினீர்கள்?”

அது என்னவென்று அவர் விளக்கினார். குட்டை முடி விறைப்பானது. அதை எதிர்த்திசையில் அழுத்தித் தேய்க்கும்போது முடிக்கால் உள்ளேயே கிழிகிறது. முடித்துண்டும் கிருமியும் தோலின் ஆழத்துக்குப் போகின்றன. தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைத்த ஷாம்புவில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சுகமாக வளரும். இரண்டும் சேர்ந்தால், குளித்த ஓரிரு நாளில் முதுகில் ஆழமான, கடும் வலியுள்ள சீழ்ப்புண்கள். வெறும் தோல் தடிப்பு என்று மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாத நிலை அது. சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற மருந்தை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் தேறினாள். அந்த வாரம் அவள் என் கையைக் கண்டு பின்வாங்கியது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே இரண்டு விதிகள், விதிவிலக்கே இல்லாமல். முடி போகும் திசையில் மட்டும் சீவுங்கள், ஈரமாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும். ஷாம்புவில் தண்ணீர் கலந்தால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ரப்பர் பிரஷ்ஷை வட்டம் வட்டமாகச் சுற்றும்படி அதன் அட்டையிலேயே போட்டிருக்கும். தோல் திடமான நாய்க்கு அது சரி. மென்மையான தோலுக்கு வட்டமும் வேண்டாம். வட்டத்தில் பாதி எதிர்த்திசைதானே.

பிரஷ்ஷை எடுக்கும் முன் வெறுங்கையால் உடம்பு முழுக்க ஒருமுறை தடவுங்கள். உண்ணி பெரும்பாலும் காதுக்குள், கழுத்தில், விரலிடுக்கில் இருக்கும். பிரஷ் அதன் மேல் போனால் உடம்பு அறுந்து வாய்ப்பகுதி தோலுக்குள் நின்றுவிடும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தோலைப் பொசுக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. தெள்ளுப்பூச்சி சந்தேகம் இருந்தால் பேன் சீப்பை வால் தொடங்கும் இடத்தில் மட்டும் மிக லேசாக ஒருமுறை ஓட்டி, வருகிற கருந்துகளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாக ஊறினால் அது பூச்சியின் எச்சம், அதாவது உங்கள் நாயின் இரத்தம். அப்போது பிரஷ் மாற்றிப் பயனில்லை. பூச்சிக்கு மருந்து வேண்டும்.

அழுத்தம் எவ்வளவு? தூங்குகிற குழந்தையின் முதுகைத் தடவும் அளவு. ஒரு இடத்தில் இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவுதான். இன்னும் முடி வருகிறதே என்று அதே இடத்தில் நிற்காதீர்கள். அது நாளை மறுநாளும் வரும். மொத்தம் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு முறை. முழங்கைக் காய்ப்பு, குதிகால், விலா எலும்பு மேடு, அடிவயிறு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் பிரஷ் வேண்டாம், ஈரத் துணி போதும். பக் நாயின் முகமடிப்புக்குள்ளும் துணிதான். துடைத்தபின் அங்கே ஈரம் தங்கவே கூடாது. வழுக்காத இடத்தில், சாக்கோ பாயோ விரித்து நிறுத்துங்கள். நாலு கால் ஊன்றி நிற்க முடியாத நாய் எந்த பிரஷ்ஷையும் வெறுக்கும்.

நாய் சொல்வதையும் கேளுங்கள். பிரஷ் பட்ட இடத்தில் தோல் ஈ உட்கார்ந்த மாதிரி துடிப்பது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்ப்பது எல்லாம் உறுமலுக்கு முந்தைய சொற்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அழுத்தத்தைக் குறையுங்கள், இல்லை அன்றைக்கு நிறுத்துங்கள்.

குளியல் பற்றிச் சுருக்கமாக: மாதம் ஒருமுறை போதும். நம் தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது; நாயின் தோல் அந்த அளவுக்கு இல்லை. அதனால் நம் சோப்பும் ஷாம்புவும் அதற்கு ஒத்துவராது. சீயக்காயும் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும், முடிக்கடியில் தங்கியதை அலசி எடுப்பதும் பெரும்பாடு. ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்துவையுங்கள். துவட்டும்போது துண்டை வைத்து ஒற்றி எடுங்கள்.

பிரஷ்ஷின் சுத்தத்தை யாரும் பேசுவதில்லை. பாதிப் பிரச்சினை அங்கேதான். ஒவ்வொரு முறையும் முடியை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். முடி பிரஷ்ஷை வெயிலில் முகம் கீழாகக் காயப் போடலாம். மரக்கைப்பிடி என்றால் முழுக்க ஊற வைக்காதீர்கள், ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். ரப்பரை நிழலில் காயவையுங்கள். வெயில் ரப்பரை இறுக்கும். ஆறு மாதம் மொட்டைமாடியில் கிடந்த ரப்பர் பிரஷ் வாங்கியபோது இருந்த பிரஷ் இல்லை. அந்த நகச் சோதனையை அவ்வப்போது வீட்டிலும் செய்து, குமிழ் நிமிர மறுத்தால் மாற்றிவிடுங்கள். பிளீச்சிங் கரைசலில் முடி பிரஷ்ஷைப் போடாதீர்கள், கெரட்டின் அதில் கரைந்துவிடும். இரண்டு நாய் இருந்தால் இரண்டு பிரஷ். படர்தாமரை வந்த நாயின் பிரஷ்ஷைத் தூக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை முடித்துண்டுகளில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றும்.

பிரஷ்ஷை மாற்றிவிட்டு மறுநாளே பலனை எதிர்பார்க்காதீர்கள். நாயின் மேல்தோல் அடியிலிருந்து மேல்வரை புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். ஆனால் சில அறிகுறிகளுக்கு மூன்று நாள்கூடப் பொறுக்கக் கூடாது: வட்டமாக முடி கொட்டுவது, தோல் கருத்து யானைத்தோல் போலத் தடிப்பது, ஊறிய துணி மாதிரி நாற்றம், காது ஓரத்தில் செதில், இரவெல்லாம் தூங்க விடாத அரிப்பு, பாதத்தை நக்கி நக்கிச் செம்மை ஏறுவது. இவை சொறிப் பூச்சியாகவோ பூஞ்சையாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சீவாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். செதிலும் பொருக்கும் இருந்த இடத்தில் இருந்தால்தான் டாக்டருக்கு வேலை சுலபம். நீங்கள் உபயோகிக்கும் பிரஷ்ஷையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்தத் தம்பியிடம் பத்து நாள் எதுவும் போடாமல், ஈரத் துணி மட்டும் பிடிக்கச் சொன்னேன். கோடுகள் மறைந்தபின் ரப்பர் பிரஷ் வாங்கினான், நகத்தால் சாய்த்துப் பார்த்து. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, “அக்கா, அந்த பிளேடு சும்மா கெடக்கு, தூக்கிப் போட்றவா? காசு குடுத்து வாங்குனது” என்றான். வேண்டாம் என்றேன். அடுத்த தெரு டீக்கடைக்காரர் வீட்டில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு இருக்கிறது. அடிமுடி கொத்துக் கொத்தாக வாசலெல்லாம் பறக்கிறது. அதற்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், முடி போகும் திசையில் மட்டும் என்று சொல்லி.